பட்டியலில் பெயர் இல்லாத ப்ராசஸர்

ஒரு கணினிக்குள் இரண்டு ப்ராசஸர்கள். இரண்டுக்கும் காசு கொடுத்தாயிற்று. இரண்டின் தலையிலும் விசிறி சுற்றுகிறது. ஆனால் வேலை செய்வது ஒன்றுதான். இன்னொன்று மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் தூங்குகிறது. எந்த எச்சரிக்கையும் திரையில் வருவதில்லை. வேலை நடக்கிறது, மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான். "மெஷினுக்கு வயசாகிடுச்சு" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இப்படியும் நடக்குமா? பழைய சர்வர்களில் நடக்கும். ப்ராசஸர் பழுதாகியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஃபர்ம்வேரில், அதாவது கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அந்தச் சின்ன மென்பொருளில், ஒரு செட்டிங் மாறியிருந்தால் போதும்.

அந்த செட்டிங்குகள் என்ன, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

எந்த சர்வர்?

சர்வர் என்றதும் மேசைக்கு வந்து "சூடா என்ன வேணும்?" என்று கேட்பவர் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. கணினி சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது: கேட்பவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பது. ஓர் அலுவலகத்தில் இருபது பேர் இருபது கணினிகளில் ஒரே கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறார்கள் என்றால், அந்தப் புத்தகம் இருக்கும் இடம்தான் சர்வர்.

இன்று கையில் இருக்கும் போனிலேயே எட்டு கோர்கள் இருப்பது சாதாரணம். நகத்தளவு சிப்புக்குள் எட்டு மூளைகள். 1990களில் கதை வேறு. ஒரு சிப்புக்கு ஒரு மூளைதான். அதிக வேகம் வேண்டும் என்றால் ஒரே மதர்போர்டில் இரண்டு சிப்புகளை, நான்கு சிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். 1989-ல் வந்த காம்பாக் நிறுவனத்தின் 'சிஸ்டம்ப்ரோ'வில் இரண்டு ப்ராசஸர்களுக்கு இடம் இருந்தது. 1995 நவம்பரில் வந்த இன்டெல் பென்டியம் ப்ரோவை நான்கு வரை ஒன்றாகக் கோக்கலாம். 1998-ல் பென்டியம் 2 ஸியான் வந்தது. பெரிய கேசட் போல, நிமிர்த்திச் செருகும் ப்ராசஸர் அது.

இந்தத் தலைமுறை மெஷின்கள் இன்னும் அங்கங்கே உயிரோடு இருக்கின்றன. அந்தக் காலத்தில் எழுதிய மென்பொருள் அதில்தான் ஓடும் என்பதால் தொழிற்சாலையில் ஒன்று இருக்கும். பழைய டேட்டா அதில் இருக்கிறது என்பதால் அலுவலக மூலையில் ஒன்று இருக்கும். படிப்பதற்காக செகண்ட் ஹேண்டில் வாங்கிய மாணவர் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

காலையில் கடை திறக்கும் நேரம்

ஒரு பெரிய ஓட்டலைக் கற்பனை செய்துகொள்ளலாம். உள்ளே மாஸ்டர்கள்: இவர்கள்தான் ப்ராசஸர்கள். கல்லாவில் மேனேஜர்: இவர்தான் விண்டோஸ், லினக்ஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டம். காலையில் எல்லோருக்கும் முன்னால் சாவியோடு வந்து, கடையைத் திறந்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ரிஜிஸ்டரில் எழுதி, மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர் ஒருவர் இருப்பார். அவர்தான் ஃபர்ம்வேர். பழைய கணினிகளில் அவருக்கு 'பயாஸ்' என்று பெயர்.

பவர் பட்டனை அழுத்தியதும் எல்லா ப்ராசஸர்களும் ஒரே நேரத்தில் கண் விழிக்கின்றன. எல்லோரும் ஒரே அடுப்பில் கை வைத்தால் குழப்பம்தானே? அதனால் முதல் நொடியிலேயே தங்களுக்குள் சமிக்ஞை அனுப்பி, ஒன்றைத் தலைவராக்கிக்கொள்கின்றன. அதற்கு 'பூட்ஸ்ட்ராப் ப்ராசஸர்' என்று பெயர். மற்றவை கை கட்டி நிற்கும். ஃபர்ம்வேர் ஒவ்வொன்றையும் தட்டி எழுப்பிச் சோதித்துப் பார்த்து, எண் கொடுத்து, மறுபடி உட்காரவைத்துவிடும். பிறகு நினைவகத்தின் ஒரு மூலையில் ஒரு பட்டியல் எழுதும். எத்தனை ப்ராசஸர், எந்த எண், எந்தெந்த வழியாக வெளிக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்று எல்லாம் அதில் இருக்கும்.

அடுத்து வரும் ஆபரேட்டிங் சிஸ்டம் மதர்போர்டை எட்டிப் பார்த்து எண்ணுவதில்லை. நினைவகத்தில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் தேடி, அந்தப் பட்டியலின் அடையாளக் குறியைக் கண்டுபிடித்துப் படிக்கிறது. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் "எழுந்து வா" என்று சமிக்ஞை அனுப்புகிறது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் அழைப்பும் இல்லை. ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவருக்கு அரிசி இல்லை என்பது போலத்தான். ஆள் நேரில் நின்றாலும் பயன் இல்லை.

ஃபர்ம்வேர் செட்டிங் எதுவாக இருந்தாலும், அது இந்தப் பட்டியலில் எதை மாற்றும் என்று கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆளுக்கொரு ரிஜிஸ்டர்

ஆரம்பத்தில் பட்டியல் எழுத ஒரு பொது முறை கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ப்ராசஸர்களை இணைத்தது. 1993-ல் விண்டோஸ் என்.டி. 3.1 வந்தபோது காம்பாக் சிஸ்டம்ப்ரோவுக்கு ஒன்று, என்.சி.ஆர். மெஷினுக்கு ஒன்று, கொரோலரி வடிவமைப்புக்கு ஒன்று எனத் தனித்தனி இணைப்பு மென்பொருளைச் சுமந்துகொண்டு வந்தது. இதற்கு 'ஹால்' என்று பெயர். வன்பொருளுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் இது.

1994-ல் இன்டெல் ஒரு பொது விதிமுறையைக் கொண்டுவந்தது. 'மல்டி ப்ராசஸர் ஸ்பெசிஃபிகேஷன்', சுருக்கமாக எம்.பி.எஸ். முதலில் 1.1, அடுத்த வருடமே 1.4. எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் பட்டியல் ஒரே வடிவில் இருக்கும் என்றானது. அதன்பிறகுதான் பல ப்ராசஸர் கணினிகள் பரவலாகின.

பழைய சர்வரை ஆன் செய்து டெலீட், எஃப்2, எஃப்10 என்று அந்தந்த மெஷினுக்கு உரிய பட்டனை அழுத்தி செட்டப் திரைக்குள் போனால், இந்த 1.1, 1.4 என்ற இரண்டு எண்களும் அங்கே காத்திருக்கும்.

1.1-ஆ, 1.4-ஆ?

'எம்.பி.எஸ். வெர்ஷன்' என்ற அந்த செட்டிங்கைப் பார்த்துப் பலர் எண் பெரிதாக இருந்தால் வேகம் அதிகம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இது பட்டியலின் வடிவம் மட்டும்தான்.

சர்வர்களில் நெட்வொர்க் கார்டு, டிஸ்க் கார்டு எல்லாம் செருகும் பி.சி.ஐ. பாதை ஒன்றுக்கு மேல் இருக்கும். 1.4 பட்டியலில் அந்தப் பல பாதைகளை விவரமாக எழுதக் கூடுதல் பக்கங்கள் உண்டு. விண்டோஸ் என்.டி. 4, விண்டோஸ் 2000, லினக்ஸ் என்றால் 1.4. அதற்கும் முந்தைய, கூடுதல் பக்கத்தைப் படிக்கத் தெரியாத ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் மட்டும் 1.1.

சில கம்பெனிகள் இதை வேறு மாதிரி கேட்டன. காம்பாக் ப்ரோலையன்ட் சர்வர்களில் "எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடப் போகிறீர்கள்?" என்று செட்டப் கேட்கும். சொல்லும் பதிலுக்கு ஏற்றபடி பட்டியலை எழுதும். அதில் தவறாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அடுத்து என்ன இன்ஸ்டால் செய்தாலும் தப்பான ரிஜிஸ்டரோடுதான் கடை திறக்கும்.

மணி அடித்தால் யார் ஓடுவது?

கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டினால், நெட்வொர்க்கில் ஒரு தகவல் வந்தால், டிஸ்க் ஒரு வேலையை முடித்தால், ப்ராசஸருக்கு ஒரு மணி அடிக்கும். இதற்கு 'இன்டரப்ட்' என்று பெயர். பழைய பி.சி.யில் இந்த மணிகளைக் கவனித்தது 8259 என்ற சிப் ஜோடி. மொத்தம் 15 மணிகள் பயன்படும். எல்லாமே ஒரே ப்ராசஸருக்குத்தான் கேட்கும்.

இரண்டு மாஸ்டர்கள் இருக்கும் அடுப்படிக்கு இது சரிப்படாது. அதனால் 'ஏபிக்' என்ற புதிய ஏற்பாடு வந்தது. வெளிக் கருவிகளின் மணிகளை வாங்கி எந்த ப்ராசஸருக்கு வேண்டுமானாலும் திருப்பிவிட ஒரு சிப். அது தவிர ஒவ்வொரு ப்ராசஸருக்குள்ளும் அதன் சொந்தக் காது. அந்த வெளிச் சிப்பின் பரவலான வகை ஒன்றில் 24 மணிகள் உண்டு.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ப்ராசஸர்கள் ஒன்றையொன்று கூப்பிடுவதும் இதே ஏபிக் வழியாகத்தான். ஆபரேட்டிங் சிஸ்டம் இரண்டாவது ப்ராசஸரை எழுப்புவதும் இதே வழிதான். செட்டப்பில் 'ஏபிக் மோட்' அணைந்திருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் இரண்டாவது ப்ராசஸர் எழுந்து வராது. ஒன்றுக்கு மேல் ப்ராசஸர் இருக்கும் மெஷினில் இது ஆனில்தான் இருக்க வேண்டும்.

நடுவில் மாற்றக் கூடாத ஒன்று

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற விதிமுறையை வெளியிட்டன. மின்சாரச் சிக்கனம் முதல் ப்ராசஸர் பட்டியல் வரை எல்லாம் இதற்குள் அடங்கின. நாளடைவில் எம்.பி.எஸ். பட்டியலின் இடத்தை ஏ.சி.பி.ஐ. பட்டியல் பிடித்துக்கொண்டது. நடுவில் சில வருடங்கள் ஒரே மெஷினில் இரண்டு பட்டியலும் இருந்தன. செட்டப்பில் ஏ.சி.பி.ஐ.யை ஆன், ஆஃப் செய்யவும் வழி இருந்தது.

ஆபத்து இங்கேதான். விண்டோஸ் 2000 இன்ஸ்டால் ஆகும்போது, அன்று ஃபர்ம்வேரில் ஏ.சி.பி.ஐ. எப்படி இருந்ததோ அதைப் பார்த்து, அதற்கேற்ற ஹாலைப் பொருத்திக்கொள்ளும். பிறகு ஒருநாள் யாராவது செட்டப்பில் அதை மாற்றிவிட்டால், மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்த மொழி ஒன்று, வரும் பட்டியலின் மொழி வேறொன்று. விண்டோஸ் பாதியில் நின்றுவிடலாம். நீலத் திரையும் வரலாம்.

அந்த நேரத்தில் பதறிப்போய் "விண்டோஸ் போச்சு" என்று புதிதாக இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் பத்து வருடக் கணக்கும் அதோடு போகும். உண்மையில் அங்கே எதுவும் அழிந்திருக்கவில்லை. செட்டிங்கைப் பழையபடி வைத்தால் அப்படியே எழுந்து வந்திருக்கும். நேற்று வரை ஓடிய பழைய சர்வர் இன்று பூட் ஆகவில்லை என்றால், இன்ஸ்டால் சி.டி.யைத் தேடுவதற்கு முன் செட்டப் திரையைப் பார்க்க வேண்டும்.

எந்த ஹால் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது எளிது. டிவைஸ் மேனேஜரில் 'கம்ப்யூட்டர்' என்ற தலைப்பைத் திறந்தால், 'ஏ.சி.பி.ஐ. மல்டிப்ராசஸர் பி.சி.' என்றோ 'எம்.பி.எஸ். மல்டிப்ராசஸர் பி.சி.' என்றோ எழுதியிருக்கும். மெஷின் நன்றாக ஓடும் நாளிலேயே இதை ஒரு தாளில் குறித்து, சர்வரின் பக்கவாட்டில் ஒட்டி வைப்பது நல்லது. லினக்ஸிலும் ஒரு கண்ணி உண்டு. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் ரெட் ஹேட் போன்றவை ஒரு ப்ராசஸருக்கு ஒரு கெர்னல், பல ப்ராசஸருக்கு வேறு கெர்னல் என்று தனித்தனியாகக் கொடுத்தன. ஃபர்ம்வேர் சரியாக இருந்தும், ஒற்றை ப்ராசஸர் கெர்னலில் பூட் செய்தால் மற்றவர் தூங்கத்தான் செய்வார்.

விண்டோஸ் 95, 98 என்றால் எந்த செட்டிங்கை மாற்றியும் பயன் இல்லை. அவற்றுக்கு ஒன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது.

நான்கு பேர் எட்டுப் பேரான கதை

2002-ல் இன்டெல் தன் ஸியான் ப்ராசஸர்களில் 'ஹைப்பர் த்ரெடிங்' கொண்டுவந்தது. ஒரே மாஸ்டர், ஒரு கையில் தோசைக் கரண்டி, மறு கையில் வடைக் கரண்டி. வெளியே பார்க்க இரண்டு பேர் மாதிரி தெரியும். நான்கு ப்ராசஸர் சர்வரில் பட்டியல் எட்டு பேர் என்று காட்டும்.

விண்டோஸ் 2000-க்கு நிஜ ஆள் எது, இரண்டாவது கை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. விண்டோஸ் 2000 சர்வர் பதிப்புக்கு அனுமதி நான்கு ப்ராசஸர்களுக்குத்தான். பட்டியலில் மேலிருந்து நான்கு பெயர்களை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். ஃபர்ம்வேர் நிஜ ப்ராசஸர்கள் நான்கையும் முதலில் எழுதியிருந்தால் பிரச்னை இல்லை. ஆளையும் அவருடைய இரண்டாவது கையையும் அடுத்தடுத்து எழுதியிருந்தால், இரண்டே மாஸ்டர்கள் வேலை செய்ய, மற்ற இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பட்டியலில் எழுதும் வரிசைக்குக்கூட அவ்வளவு மதிப்பு. விண்டோஸ் எக்ஸ்.பி., சர்வர் 2003 இரண்டும் நிஜ ப்ராசஸர்களை மட்டும் கணக்கில் எடுத்ததால் இந்தச் சிக்கல் ஓய்ந்தது.

அதனால் விண்டோஸ் 2000 ஓடும் பழைய ஸியான் சர்வரில் சந்தேகம் இருந்தால், செட்டப்பில் ஹைப்பர் த்ரெடிங்கை அணைத்துவிடலாம். பட்டியலில் நிஜ ஆட்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

சாமான் அறை யார் பக்கம்?

2003 ஏப்ரலில் ஏ.எம்.டி. நிறுவனம் ஆப்டெரான் ப்ராசஸரைக் கொண்டுவந்தது. அதுவரை எல்லா மாஸ்டர்களுக்கும் ஒரே பொதுச் சாமான் அறை, அதாவது ஒரே நினைவகப் பாதை. ஆப்டெரானில் ஒவ்வொரு மாஸ்டருக்கும் பக்கத்திலேயே ஒரு தனிச் சாமான் அறை. பக்கத்து அறையில் இருப்பதை எடுக்க நேரம் குறைவு. அடுத்தவர் அறையில் இருப்பதை எடுக்கச் சற்று அதிகம். இந்த அமைப்புக்கு 'நியூமா' என்று பெயர்.

செட்டப்பில் 'நோட் இன்டர்லீவிங்' என்ற செட்டிங் இதற்காகத்தான். அதை ஆன் செய்தால், எல்லா அறைச் சாமான்களையும் கலந்து சமமாகப் பிரித்து வைத்தது போலாகும். யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அணைத்தால், எந்த அறை யார் பக்கம் என்று ஃபர்ம்வேர் ஒரு தனிப் பட்டியல் எழுதிக் கொடுக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஆபரேட்டிங் சிஸ்டம், ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்து அறையிலேயே இடம் ஒதுக்கும். விண்டோஸ் சர்வர் 2003-க்கும் லினக்ஸ் 2.6 கெர்னலுக்கும் படிக்கத் தெரியும், அணைத்து வைக்கலாம். அதற்கு முந்தையவை என்றால் ஆனில் இருப்பதே நல்லது.

'இன்டர்லீவிங் ஆன்' என்று படித்ததும் ஏதோ நல்லது என்று ஆன் செய்துவிடுவது வழக்கம். இங்கே அந்தக் கணக்கு பலிக்காது.

ஒருமுறை விழுந்தவரை மறக்காத ரிஜிஸ்டர்

சர்வர் ஃபர்ம்வேருக்கு ஒரு பொறுப்பு உண்டு. காலையில் ஒரு ப்ராசஸர் சோதனையில் தேறவில்லை என்றால், கடையை மூடக் கூடாது. அவரை விட்டுவிட்டு மற்றவர்களை வைத்துக் கடை நடத்த வேண்டும். அதனால் தேறாத ப்ராசஸரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். அதைக் குறித்தும் வைத்துக்கொள்ளும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ப்ராசஸர் தேறாமல் போனதற்குக் காரணம் சில நேரம் ப்ராசஸரே இல்லை. ஒருமுறை மின்சாரம் தடுமாறியிருக்கலாம். தூசு அடைத்து விசிறி நின்றிருக்கலாம். ப்ராசஸர் ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருந்திருக்கலாம். காரணம் சரியான பிறகும் குறிப்பு அப்படியே இருக்கும். புது ப்ராசஸரையே மாற்றிப் போட்டாலும், "இந்த இடத்தில் இருப்பவர் சரியில்லை" என்ற பழைய குறிப்பை வைத்துக்கொண்டு ஃபர்ம்வேர் கூப்பிடாமலே விட்டுவிடலாம்.

இதற்குத்தான் இன்டெல் சர்வர் போர்டுகளில் 'ப்ராசஸர் ரீடெஸ்ட்' என்று ஒரு செட்டிங் உண்டு. அதை 'யெஸ்' என்று வைத்துச் சேமித்தால், பழைய குறிப்பை அழித்துவிட்டு அடுத்த முறை ஆன் ஆகும்போது எல்லோரையும் புதிதாகச் சோதிக்கும். இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாமல் நல்ல ப்ராசஸரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட வாய்ப்பு உண்டு.

வன்பொருளிலும் சில விதிகள் உண்டு. ப்ராசஸர்கள் ஒரே வேகம், ஒரே கேஷ் அளவு உள்ளவையாக இருக்க வேண்டும். ஸ்லாட்டில் செருகும் வகை என்றால், காலியாக இருக்கும் ஸ்லாட்டில் 'டெர்மினேட்டர் கார்டு' என்ற சின்ன அட்டை தேவைப்படலாம். இரண்டாவது ப்ராசஸர் போடும்போது அதற்கெனத் தனி வோல்டேஜ் மாட்யூல் கேட்கும் போர்டுகளும் உண்டு. ப்ராசஸர் புதிய வகை, ஃபர்ம்வேர் பழைய பதிப்பு என்றாலும் அடையாளம் தெரியாமல் போகும்.

பட்டன் பேட்டரி செய்யும் வேலை

நேற்று வரை சரியாக இருந்த செட்டிங் இன்று எப்படி மாறியது? பெரும்பாலும் குற்றவாளி, மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி. பொதுவாக சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. சுவர்க்கடிகாரப் பேட்டரிக்கு இருக்கும் மரியாதைகூட இதற்குக் கிடைப்பதில்லை. பல வருடம் உழைத்து அது ஓய்ந்துபோகும். சர்வர் எப்போதும் ஆனில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஒருநாள் நீண்ட மின்வெட்டு, யு.பி.எஸ்.ஸும் கைவிடுகிறது. கரண்ட் வந்து மெஷின் எழும்போது, செட்டப்பில் செய்துவைத்த எல்லாம் போய், கம்பெனி அமைப்புக்குத் திரும்பியிருக்கும். தேதியும் பல வருடம் பின்னோக்கிப் போயிருக்கும்.

தேதி தப்பாக இருந்தால், அதை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. தேதி போன வழியிலேயே ப்ராசஸர் செட்டிங்கும் போயிருக்கும்.

கை வைப்பதற்கு முன்

முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம். ப்ராசஸருக்கு ஒரு வரைபடம் வீதம் காட்டச் சொல்லி, எத்தனை கட்டங்கள் என்று பார்க்கலாம். லினக்ஸ் என்றால் 'சி.பி.யு. இன்ஃபோ' கோப்பில் 'ப்ராசஸர்' என்று தொடங்கும் வரிகளை எண்ணலாம். அங்கே எண் 0-விலிருந்து தொடங்கும் என்பதால் 0, 1 என்று இருந்தால் இரண்டு. இந்த எண்ணிக்கையும் உள்ளே இருக்கும் ப்ராசஸர் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால்தான் அடுத்த வேலை.

அடுத்தது டேட்டா. சர்வரில் இருப்பதை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்காமல் செட்டப்புக்குள் போகக் கூடாது.

பிறகு போனை எடுத்து, செட்டப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். பேட்டரி மாற்றும் முன்பும் இதைச் செய்ய வேண்டும். கழற்றிய நொடியில் செட்டிங்குகள் பறந்துவிடும். பேட்டரி மாற்றும்போது மின்சார வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட வேண்டும்.

ஒரு முறைக்கு ஒரு செட்டிங் மட்டும் மாற்ற வேண்டும். மாற்றி, பூட் செய்து, எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்தது. மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரியாது.

சரியானதும் கடைசியாக ஒரு போட்டோ. இந்த மெஷினுக்கு அடுத்து வரும் ஆளுக்கு அதுதான் வழிகாட்டி.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. விண்டோஸ் 2000-க்கு மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவை 2010 ஜூலையிலேயே நிறுத்திவிட்டது. அந்த வயது மெஷினை நேரடியாக இணையத்தில் இணைக்கக் கூடாது.

இரண்டு போட்டால் இரட்டிப்பா?

தூங்கிய ப்ராசஸர் எழுந்துவிட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஜீன் ஆம்டால் என்ற கணினி வல்லுநர் 1967-லேயே இதற்குக் கணக்கு சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பிரித்துக்கொடுக்க முடியாத பகுதி எப்போதும் இருக்கும். பத்து பேர் காய் நறுக்கலாம், ஆனால் ஒரே குக்கரில் பருப்பு வேக ஆகும் நேரம் குறையாது. ஒரு வேலையில் 80 சதவிகிதம் பிரிக்கக்கூடியது, 20 சதவிகிதம் முடியாதது என்றால், நான்கு ப்ராசஸர் போட்டாலும் வேகம் நான்கு மடங்கு ஆகாது. இரண்டரை மடங்குதான்.

ஆபரேட்டிங் சிஸ்டமும் ஒத்துழைக்க வேண்டும். 1996-ல் வந்த லினக்ஸ் 2.0-தான் பல ப்ராசஸர்களுக்குக் கதவைத் திறந்தது. ஆனால் கெர்னல் என்ற உள் அறைக்குள் ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸர்தான் நுழையலாம் என்று ஒரு பெரிய பூட்டு போட்டிருந்தார்கள். அந்தப் பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, முழுதாக எடுத்தது 2011-ல்.

இருந்தாலும் சர்வருக்கு லாபம் உண்டு. ஒரே நேரத்தில் பலர் வந்து கேட்கும் இடம் அது. ஒருவருடைய பெரிய அறிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது, அடுத்தவருடைய சின்னக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்னொரு ஆள் கிடைக்கிறார். ஒரு வேலை முடியும் நேரத்தைவிட, அடுத்தவர் காத்திருக்கும் நேரம்தான் இங்கே அதிகம் குறையும்.

பட்டியல் இன்றும் உண்டு

இன்றைய சர்வர்களில் எம்.பி.எஸ். செட்டிங்கைத் தேட வேண்டியதில்லை. ஏ.சி.பி.ஐ. பட்டியலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஆண்ட்ராய்டு போனில் அதே வேலையை 'டிவைஸ் ட்ரீ' என்ற ஒரு விவரப் பட்டியல் செய்கிறது. எட்டு கோர்களின் விவரமும் அதில் எழுதப்பட்டு, போன் ஆன் ஆகும்போது லினக்ஸ் கெர்னலின் கையில் கொடுக்கப்படுகிறது. அதை எழுதிக் கொடுப்பது போனைத் தயாரிக்கும் கம்பெனியின் வேலை. பயன்படுத்துபவர் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

பழைய சர்வரில் அந்தப் பொறுப்பு மெஷினை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. அலுவலக மூலையில் கிடக்கும் அதை "வயசாகிடுச்சு" என்று ஓரங்கட்டும் முன், எத்தனை ப்ராசஸர்களை வைத்து அது வேலை செய்கிறது என்று எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.